பேர் ஒட்டிய பாத்திரங்கள்

ஹார்ட்லி ஓடை
ஆகஸ்ட் 30

நீ அங்க இருக்கறவங்ககிட்ட எல்லாம் பெருமை அடிக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றத முழுசா கேட்டுக்கோ மார்லா. ஆமா, உன் பொண்ணு பிரின்லிக்கு, நல்லாப் படிக்கற பிள்ளைங்களுக்குன்னே வச்சிருக்கற ஆனர்ஸ் இங்கிலீஷ் வகுப்புல இடம் கிடைச்சிருக்கு. ஏழாங்கிளாஸுக்கே அது ஒரே ஒரு வகுப்புதான். நம்ம ஓடைப் பக்கத்துலருந்து பஸ் ஏறுற பிள்ளைங்கள்ல வேற ஒருத்தருக்கும் கிடைக்கல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனா எனக்கு வயித்துல புளியக் கரைக்குது.

பள்ளிக்கூடத்துல வீட்டுப் பெரியவங்கள எல்லாம் கூப்பிட்டிருந்தாங்க, போனேன். பூராவும் டவுன் ஆளுங்க. பக்கத்துல உக்காந்திருந்தவ பல் டாக்டர் பொண்டாட்டி, விட்டேக்கர். "நீங்க பிரின்லியோட பாட்டியா?"ன்னு கேட்டா. "பெரியம்மா"ன்னேன். எனக்கு ஐம்பத்து நாலுதான் ஆகுது, பாட்டியாம்! போகட்டும், சின்னப் பொம்பள, நல்ல மாதிரிதான். பிஸ்கட் தட்ட என் பக்கமே தள்ளித் தள்ளி வச்சா.

டீச்சர் பேரு காட்ரெல். மெலிஞ்ச உருவம், குரல் மட்டும் நம்ம பாஸ்டர் குரல். என்னெல்லாம் எதிர்பாக்கணும்னு சொன்னாங்க. வாரா வாரம் புது வார்த்தைங்க. தினமும் வீட்டுல படிக்கணும். படிக்கும்போதே பென்சில வச்சுக்கிட்டு, மனசுல தோணறத புஸ்தகத்து ஓரத்துலயே எழுதணுமாம்! நம்ம அப்பா இருந்திருந்தா பெல்ட்ட உருவியிருப்பாரு. அப்புறம் எல்லாப் பிள்ளைங்களும் வட்டமா உக்காந்து, படிச்சதப் பத்தி அவங்களே பேசணும். டீச்சர் வாயே திறக்க மாட்டாங்க. பேசாத பிள்ளைக்கு மார்க் கிடையாது. மார்க் குறைஞ்சா சாதாரண வகுப்புக்கு இறக்கிடுவாங்க. நான் கை தூக்கி, "பேச வராத பிள்ளை என்னம்மா பண்ணும்?"னு கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. "பேச வைக்கத்தான் நான் இருக்கேன்"னாங்க.

எனக்குப் பிடிக்காதது இதுக்கப்புறம் வருது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வாழ்க்கையில நடந்த ஒண்ண எழுதணும். நவம்பர்ல குடும்பத்துக்காரங்க முன்னாடி எழுந்து நின்னு வாசிக்கணும். "உண்மையா இருக்கணும். இட்டுக்கட்டினா இந்த வகுப்புல இடம் இல்ல"ன்னு கறாரா சொல்லிட்டாங்க. பெரியவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டோம்.

வண்டியில வரும்போது, "என்னடி எழுதுவ?"ன்னு கேட்டேன்.

"தெரியல."

"நம்ம கோழி வளக்கறத எழுதேன்."

"பெரியம்மா. வேணாம்."

உனக்கு எழுதச் சொல்லி தாள எடுத்து முன்னாடி வைக்கத்தான் செய்யறேன். நாளைக்கு எழுதறேங்கறா. ஜெபம் பண்ணு.

ட்வைலா


செப்டம்பர் 15

அக்கா,

நீ சொல்வதற்குள் நான் பெருமை அடித்துவிட்டேன். என்னோடு அறையில் இருக்கும் ஒடெல், "உன் பொண்ணா? அப்ப மூளை அப்பன் பக்கத்துலருந்து வந்திருக்கும்" என்றாள். சிரித்தேன். நான் இங்கே சிரித்து நாளாயிற்று.

உன் வயிறு என்ன பண்ணினாலும் சரி, அவளை அந்த வகுப்பிலிருந்து எடுத்துவிடாதே. பத்தாம் வகுப்போடு நிறுத்தி என்னைக் கோழி வெட்டுகிற ஆலைக்கு நீ கூட்டிப் போனபோதும் உன் வயிறுதான் முதலில் பேசியது. இதைச் சண்டைக்காக எழுதவில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு உதவி செய். வாரா வாரம் அவளுக்குக் கொடுக்கும் வார்த்தைகளை எழுதி அனுப்பு. இங்கே நூலகத்தில் ஒரு பழைய அகராதி இருக்கிறது. அவள் படிப்பதையே நானும் படிக்கிறேன். அவள் எனக்கு எழுத வேண்டாம், கட்டாயப்படுத்தாதே. முதியோர் இல்லத்தில் கிழவர்களின் வலி மாத்திரையைத் திருடித் தின்றவளுக்கு என்னவென்று எழுதுவாள்? வகுப்புக்காக அவள் எழுதுவதை மட்டும் எனக்கு அனுப்பு. அந்த உண்மைக் கதையை. அது போதும்.

மார்ச்சில் என்னைச் சிறையிலிருந்து விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வெளியே போனால் எங்கே இருப்பாய் என்று கேட்டார்கள். உன் வீட்டைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பின் அறை எனக்குத் தாராளம்.

மார்லா


நவம்பர் 21

அன்புள்ள மார்லா,

குளிர் இந்த வருஷம் சீக்கிரமே வந்துடுச்சு. குழாய் உறைஞ்சுடும்னு சாக்கு சுத்தி வச்சிருக்கேன். வண்டிக்கு பேட்டரி போச்சு, பக்கத்து வீட்டு ஆல்வின் ஒரு பழசக் கொண்டாந்து மாட்டிக் குடுத்தான். சாப்பாட்டுக்குக் குறையே இல்ல, கவலைப்படாத. சொல்லப்போனா ஃபிரீசர் மூட மாட்டேங்குது. சீஸ் போட்ட கோழிச் சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழப் புட்டிங்னு அவங்கவங்க கொண்டாந்து குடுத்துட்டுப் போறாங்க. டவுன் ஆளுங்க நம்ம நினைச்ச மாதிரி இல்ல.

வாசிக்கற நிகழ்ச்சி முடிஞ்சுது. நல்லா வாசிச்சா. எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்க. அவ எழுதினத அனுப்பச் சொல்லியிருந்த. அது டீச்சர்கிட்ட இருக்கு. அவங்க வச்சுக்கிட்டாங்க. திருப்பித் தருவாங்களோ என்னவோ.

வார்த்தைங்கள தனித் தாள்ல எழுதி வச்சிருக்கேன். அதுல எனக்கு ஒண்ணுக்கும் அர்த்தம் தெரியல.

கர்த்தர் உன்னோட இருப்பாராக.

ட்வைலா


டிசம்பர் 3

அக்கா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. நீ 'அன்புள்ள' என்று ஆரம்பித்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாழ்நாளில் நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் எழுதியதை டீச்சர் வைத்துக்கொண்டாரா? அவளிடம் பிரதி இருக்காதா? பிள்ளை தன் கையால் எழுதியது அக்கா. நீ கேட்கவே இல்லை என்று தெரிகிறது. கேட்காமல் இருக்க உனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சாப்பாடு. நானும் அந்த மலையில் பிறந்தவள்தான். ஒருத்தி கோழிச் சோறு கொண்டுவந்தால் அது அன்பு. ஃபிரீசர் மூடாத அளவுக்கு ஊரே வீடு தேடி வந்து கொடுத்தால், அந்த வீட்டில் ஒன்று பிள்ளை பிறந்திருக்க வேண்டும், இல்லை யாராவது செத்திருக்க வேண்டும். உன் வீட்டில் பிள்ளை பிறக்க வழியில்லை.

யார் செத்தது? பிரின்லிக்கு ஒன்றுமில்லையே? இரவெல்லாம் எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. எழுது.

மார்லா


டிசம்பர் 10

நீதான்டி. நீதான் செத்துட்ட.

பிரின்லிக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா. முதல்லயே அத எழுதாதது என் தப்பு. உக்காந்து படி. நான் எனக்குத் தெரிஞ்சத அப்படியே சொல்லிடறேன்.

அன்னிக்கு பேட்டரி போனதுல நான் போய்ச் சேர லேட்டாயிடுச்சு. கதவத் திறக்கறேன், இவ ஏற்கெனவே மேல நின்னு வாசிச்சுட்டிருக்கா. பின்னாடி சுவத்தோட ஒட்டி நின்னுக்கிட்டேன். ஒரு பொம்பளைய அடக்கம் பண்றதப் பத்தி வாசிக்கறா. பெட்டியில நீல கவுன் போட்டுப் படுக்க வச்சிருக்காங்க. பியானோ இல்லாம வெறும் தொண்டையில பாட்டுப் பாடறாங்க. மலை மேல குழி, செம்மண்ணு, மழையில வழுக்குது. பெட்டி தூக்கறவங்கள்ல ஒருத்தன் சறுக்கி முட்டி போட்டுடறான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா அது நம்ம ஆல்வின். எல்லாம் நம்ம அம்மா சாவுல நடந்ததுதான். அம்மாவப் பத்தி எழுதியிருக்கா பாரு, கெட்டிக்காரின்னு நினைச்சேன். அப்ப அவ, "பெரியம்மா என் கையை விடவே இல்ல. இனிமே உனக்கு அம்மா நான்தான்னு சொன்னாங்க"ன்னு வாசிச்சா.

ஆள மட்டும் மாத்திட்டா மார்லா. பெட்டிக்குள்ள உன்னைப் படுக்க வச்சுட்டா.

கூட்டமே அழுதுச்சு. ஆம்பளைங்க மூக்க உறிஞ்சறாங்க. முடிஞ்சதும் விட்டேக்கர் பொண்டாட்டி ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுட்டா. "கூடப் பிறந்தவளா? ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?"ன்னா. நான் "அது வந்து... அது வந்து..."ன்னேன். துக்கத்துல தொண்டை அடைச்சுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க. அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. பிரின்லி கூட்டத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து என்னையே பாத்துட்டு நின்னா. அவ மூஞ்சியில ரத்தமே இல்ல. நான் வாய மூடிக்கிட்டேன்.

வண்டியில ஏறினதும் பிடிச்சுக்கிட்டேன். "உங்கம்மா உயிரோட இருக்காடி!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சாகடிச்ச?"

"உண்மைய எழுதினா என்ன ஆகும் பெரியம்மா? டெலேனி விட்டேக்கர் வீட்டுக்கு நான் போக முடியுமா? நான் உள்ள வந்தா அவங்கம்மா மாத்திரைய எடுத்துப் பூட்டி வைப்பாங்க."

"உண்மைய எழுதறேன்னு கையெழுத்துப் போட்டியே!"

"நீங்க மட்டும் சர்ச்சுல என்ன சொல்றீங்க? தங்கச்சி வெளியூர்ல வேலையா இருக்கான்னுதானே? நான் சொன்னதுக்காவது நாலு பேர் அழுதாங்க."

அறையலாம்னு கை போச்சு. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டேன்.

மறுநாள் சாயங்காலமே முதல் பாத்திரம் வந்துடுச்சு. அந்த வகுப்பு அம்மாமாருங்க முறை போட்டுக்கிட்டாங்களாம், இன்னிக்கு ஒருத்தர் நாளைக்கு ஒருத்தர்னு. வேண்டாம்னு சொன்னா ஏன் வேண்டாம்னு சொல்லணும்ல? வாங்கிக்கிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, கண்ணாடிப் பாத்திரத்துக்கு அடியில டேப் ஒட்டி அவங்கவங்க பேர எழுதி வச்சிருப்பாங்க. கழுவிக் கொண்டுபோய்க் குடுக்கணும். குடுக்கப் போனா உள்ள கூப்பிட்டு, "உங்க தங்கச்சி எப்படிப்பட்டவங்க?"ன்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல? உன் சின்ன வயசுக் கதையச் சொல்றேன். இடுப்பளவு தண்ணியில இறங்கி நீ பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டிய இழுத்துட்டு வந்தத. அது மட்டுமாவது உண்மை. கண்ணைத் துடைச்சுக்கறாங்க. இன்னும் ஏழெட்டுப் பாத்திரம் கழுவி அடுக்கி வச்சது அப்படியே இருக்கு. கொண்டு போக எனக்குத் தெம்பு இல்ல.

பிரின்லி சாப்பிடறா. எனக்குத்தான் இறங்க மாட்டேங்குது. தூக்கி எறியவும் மனசு வரல, கோழியாச்சே.

போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல திருவிருந்து. அப்பத் தட்டு என்கிட்ட வந்துச்சு. பொய்ய மனசுல வச்சுக்கிட்டு எடுக்கக் கூடாதுன்னு அப்படியே பக்கத்துல தள்ளிட்டேன். விவரம் தெரிஞ்ச நாள்லருந்து நான் அப்படிப் பண்ணினதில்ல. பக்கத்துல இருந்த லோலா திரும்பிப் பாத்தா. தலைவலின்னேன். அது வேற ஒரு பொய்.

இப்ப நீ சொல்லு. மார்ச்சுல நீ வந்து பின் ரூம்ல இறங்கினா, அந்த வாரமே ஊருக்குத் தெரிஞ்சுடும். டீச்சர் சொன்ன சொல் மாற மாட்டாங்க, இவள இறக்கிடுவாங்க. இறக்கினாக்கூடப் பரவால்ல, அந்தப் பிள்ளைங்க இவள சும்மா விடுமா? அதனால கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சதும் நானே போய் காட்ரெல் டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருக்கேன். மனுஷங்கதானே, மன்னிப்பாங்க.

எனக்காக ஜெபம் பண்ணு. உனக்கு அதெல்லாம் வராதுன்னு தெரியும். இருந்தாலும் பண்ணு.

ட்வைலா


ஜனவரி 19

அக்கா,

தாமதத்துக்குக் கோபம் காரணமில்லை. எழுத ஆரம்பித்த தாள்களை எல்லாம் கிழித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. போனேன், வரிசையில் நின்றேன், தட்டை வாங்கினேன், ஒரு பருக்கை விடாமல் தின்றேன். செத்தவளுக்கு நல்ல பசி.

ஒடெலிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. "சாவுக்கு ஆளுங்க நிறைய வந்தாங்களா?" என்று கேட்டாள். அறை நிறைய, எல்லோரும் அழுதார்களாம் என்றேன். "என் கல்யாணத்துக்கே அவ்வளவு பேர் வரலடி, நீ குடுத்து வச்சவ" என்றாள். அதன் பிறகு விளக்கு அணைக்கும் வரை என் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். டீச்சரிடம் போகாதே.

நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். இறக்கிவிட்டால் அவளுக்கு அடுத்த வருஷமும் அந்த வகுப்பு கிடையாது. அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்தான் மேலே படிக்கப் போகிறார்கள். நம்மைப் போலக் கோழி வெட்டப் போவதில்லை. ஒரு பிள்ளை எல்லோர் முன்னாலும் பொய் சொன்னாள் என்று அந்த ஊர் மறக்குமா? என்னை அந்த ஊர் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருத்தி செத்துப்போவதில் யாருக்கு நஷ்டம்?

நாக்ஸ்வில்லில், வெளியே வரும் பெண்களுக்காக ஒரு சர்ச் நடத்தும் வீடு இருக்கிறது. இங்கிருக்கும் ஆலோசகரிடம் உன் முகவரியை அடித்துவிட்டு அதைப் போடச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். அக்கா வீட்டில் இடமில்லை என்றேன். உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நீயும் அதையே சொல்.

எவ்வளவு காலம் என்று கேட்பாய். அவள் அங்கே படித்து முடிக்கும் வரை. அதே பிள்ளைகள்தானே அவளோடு உயர்நிலைப் பள்ளிக்கும் போவார்கள்.

நான் கோபமாக இருக்கிறேனா என்று அவள் கேட்டால், இல்லை என்று சொல். அது பொய். எனக்கு ஆத்திரம் தொண்டை வரை இருக்கிறது, ஆனால் அவள் மேல் மட்டும் என்று சொல்ல முடியவில்லை. பொய் சொல்ல உனக்கும் இப்போது பழகியிருக்கும்.

வார்த்தைகள் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதே. போன மாதத்தவை வரவில்லை.

மார்லா


மார்ச் 26

நீ வேண்டாம்னு எழுதியும் நான் போனேன் மார்லா. திட்டறதுன்னா திட்டிக்கோ. ராத்திரியும் பகலும் ஜெபம் பண்ணிப் பாத்தேன். வேதத்துல அந்தப் புருஷனும் பொண்டாட்டியும் பொய் சொல்லி விழுந்து செத்த இடமே எனக்குத் திரும்பத் திரும்பத் திறக்குது. உனக்காகவும் இல்ல, அவளுக்காகவும் இல்ல, என் ஆத்துமாவுக்குப் பயந்துதான் போனேன்.

பிள்ளைங்க எல்லாம் போனதுக்கப்புறம் போனேன். நாற்காலிங்க வட்டமாவே கிடந்துச்சு. டீச்சர் என்னை அதுல ஒண்ணுல உக்கார வச்சு, எதுத்தாப்பல அவங்களும் உக்காந்தாங்க. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னேன். "எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நான் முதல்ல சொல்லிடறேனே"ன்னாங்க. சரின்னேன். அங்கதான் நான் ஏமாந்தது.

"பிரின்லி இப்ப வட்டத்துல எப்படிப் பேசறான்னு நீங்க பாக்கணும். செப்டம்பர்ல வாயே திறக்காத பிள்ளை. அன்னிக்கு வாசிச்சதுக்கப்புறம்தான் மாறினா. மனசுல இருந்த பாரம் இறங்கின மாதிரி"ன்னாங்க. எட்டாங்கிளாஸ் ஆனர்ஸுக்கு முதல் பேரா அவ பேரத்தான் குடுத்திருக்காங்களாம். அப்புறம் நாற்காலிய என் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. "எங்கம்மாவும் நான் அவ வயசுல இருக்கும்போதே போயிட்டாங்க. இத்தனை வருஷத்துல நான் யார்கிட்டயும் அதச் சொன்னதில்ல. அந்தப் பொண்ணு வாசிச்சதுக்கு மறுநாள் அவகிட்டதான் முதல்ல சொன்னேன். ரெண்டு பேரும் அழுதோம்"னாங்க. சொல்லிட்டு மறுபடியும் அழுதாங்க. அந்த மெலிஞ்ச தோளு குலுங்கறதப் பாத்தா எனக்கு என்னமோ பண்ணிடுச்சு.

"நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"ன்னு கேட்டாங்க.

"நன்றி சொல்லத்தான் வந்தேன்"னேன்.

வீட்டுக்கு வந்து இவகிட்ட, "டீச்சர் அழுதப்ப உனக்கு எப்படிடி இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "அவங்களோட சேர்ந்து அழுதப்ப நான் பொய் சொல்லல பெரியம்மா"ன்னா. எனக்கு அது புரியல. உனக்குப் புரிஞ்சா எழுது.

அப்புறம் அந்த ஜெயில் ஆபீஸ்லருந்து ஒரு பொம்பள ஃபோன் பண்ணினா. உன்ன விட முடிவாயிடுச்சாம். "உங்க தங்கச்சி வந்தா தங்க உங்க வீட்டுல இடம் இருக்கா?"ன்னு கேட்டா. நான் அப்ப பின் ரூம்லதான் நின்னுட்டிருந்தேன். இலையுதிர் காலத்துலயே அந்தக் கட்டிலத் தூசி தட்டி, மெத்தைக்கு உறை தைச்சு, ஜன்னலுக்குத் திரை போட்டு வச்சிருக்கேன்டி. அதப் பாத்துக்கிட்டே, "இல்லீங்க, இடம் இல்ல"ன்னேன். "கொஞ்ச நாளைக்குக் கூடவா?"ன்னா. "கொஞ்ச நாளைக்குக் கூட இல்ல"ன்னேன். அவ குரலே மாறிப்போச்சு. என்ன மாதிரி அக்கான்னு நினைச்சிருப்பா. நினைக்கட்டும்.

பிரின்லிகிட்ட சொன்னேன், உங்கம்மா வெளிய வரப் போறா, ஆனா இங்க வரமாட்டா, நாக்ஸ்வில்லுக்குப் போறான்னு. "நான் எழுதினது அம்மாவுக்குத் தெரியுமா?"ன்னா. தெரியும்னேன். "கோபமா?" இல்லையாம்னேன். தலைய ஆட்டிட்டு வார்த்தைத் தாள எடுத்து வச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா, சமையல் ரூம்ல மிச்சம் இருந்த டவுன் பாத்திரத்த எல்லாம் எடுத்து மறுபடி கழுவிட்டிருக்கா. "கழுவினதுதானடி அது"ன்னேன். கேக்காத மாதிரி தேச்சுக்கிட்டே இருந்தா. தேச்ச தேப்புல ஒரு பாத்திரத்துல பேரே உரிஞ்சு போச்சு. அது யாரோடதுன்னு இப்ப எனக்குத் தெரியல.

நேத்து சாயங்காலம் சொல்லாமலே அவ பின் ரூமுக்குப் போய் அந்தக் கட்டில்ல உக்காந்திருந்தா. நான் உள்ள போகல.

நாக்ஸ்வில்ல குளிரும், நல்ல கோட்டா கேட்டு வாங்கிக்கோ. அந்த வீட்டுல ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம், முகத்தத் தூக்கி வச்சுக்காமப் போ. ரெண்டு மாசத்து வார்த்தைங்களையும் சேர்த்து வச்சிருக்கேன். இனிமே அந்த விலாசத்துக்கே அனுப்பறேன்.

உன் அக்கா,
ட்வைலா

அடடா, ஒண்ணு எழுதவே மறந்துட்டேன், இப்பதான் ஞாபகம் வருது. நான் அன்னிக்கு லேட்டா போனதால அவ வாசிச்ச முதல் பக்கம் நான் கேக்கல. நான் பாக்கப் போனப்ப டீச்சர்தான் எடுத்துப் படிச்சுக் காமிச்சாங்க, நீ எப்படிச் செத்துப்போனன்னு. பள்ளிக்கூடம் விட்டதும் அவளக் கூட்டிட்டு வரத்தான் வண்டியில வந்துட்டிருந்தியாம். நல்ல மழையாம். வேகமா வந்தியாம். ஏன்னா, "எங்கம்மா ஒரு நாள்கூட என்னைக் காக்க வச்சதில்ல"ன்னு எழுதியிருக்கா.